அத்தா திறக்காத நோன்பு

எழுபதுகளின் தொடக்கம். அந்த வருடம் ரமலான் ஐப்பசி மழையோடு சேர்ந்து வந்தது. என்னைப் பெற்ற அத்தாவுக்கு வயிற்றில் கட்டி. அறுத்தாலும் பயனில்லை என்று மதுரை டாக்டர் கைவிரித்துவிட்டார். வலிக்கு மட்டும் மாத்திரை கொடுத்துக் காரைக்குடிக்கே திருப்பி அனுப்பினார். அம்மா முன்பே இறந்துவிட்டாள். பள்ளிக்கூட வேலைக்கு நீண்ட விடுப்பு போட்டுவிட்டு நான் ஒருத்திதான் அத்தாவைப் பார்த்துக்கொண்டேன்.

முதல் பிறையன்றே, “நானும் நோன்பு” என்றார். எழுந்து உட்காரவே நான் முட்டுக்கொடுக்க வேண்டும், இவருக்கு நோன்பு! காளையார்கோவில் தடத்தில் பஸ் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவர், சொன்னால் சொன்னதுதான். பார்க்க வந்தவர்களெல்லாம், “இந்த நெலமையிலயும் நோன்பை விடலையே!” என்று வியந்தார்கள். எனக்கும் உள்ளுக்குள் பெருமை. அந்தப் பெருமையை நினைத்தால் இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

நான்காம் நாள் பகலில் படுக்கை மாற்றும்போது தலையணை உறைக்குள் மாத்திரைகள் சிக்கின. இரவுக்கென்று நான் கொடுத்த அத்தனையும் அப்படியே இருந்தன. படுத்தபடியே அவர் கை எட்டுகிற ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். “வச்சுட்டுப் போம்மா, குடிக்கிறேன்” என்று தினமும் சொன்னாரே, அந்த நோன்புக் கஞ்சி வாழைத்தூரில் கொட்டிக் கிடந்தது. என் கண் முன்னால் பேருக்குக் குடித்த இரண்டு மிடறு தண்ணீர்தான் வயிற்றுக்குள் போயிருக்கிறது. நோன்பு என்றால் பகலில் பிடித்ததை மாலையில் சாப்பிட்டுத் திறக்க வேண்டும். அத்தா திறக்கவே இல்லை.

அடுத்த வீட்டு அக்காவைத் துணைக்கு உட்கார வைத்துவிட்டுப் பள்ளிவாசலுக்கு ஓடினேன். தொழுகை நடத்தும் அசரத்திடம் வாசலில் நின்றே எல்லாவற்றையும் கொட்டினேன்.

“தீராத நோயாளிக்கு நோன்பு கடமையே இல்லம்மா. ஒரு நோன்புக்கு ஒரு ஏழைக்குச் சோறு போட்டாப் போதும். இனிமே வைத்தியம் பலிக்காதுன்னு ஆனபொறகு ஊசி வேணாம், ஆஸ்பத்திரி வேணாம்னு அவுக சொன்னா, அது குத்தமில்லை. ஆனா சாகணும்னே கஞ்சி தண்ணிய நிப்பாட்டுறது வேற. உசுரு அவுகளோடதா என்ன? அல்லா நம்பிக் குடுத்துவச்ச அமானிதம்.”

“வலியைப் பொறுத்துக்கிட்டா நன்மைன்னு சொல்றாகளே?”

“அப்படிச் சொல்றவுகளுக்கு வலிக்கலைன்னு அர்த்தம். நீ மாத்திரையக் குடு.”

வீட்டுக்கு வந்ததும் தம்ளரில் தண்ணீரோடும் கையில் மாத்திரையோடும் அத்தா முன்னால் நின்றேன். தலையணை உறை தலைகீழாகக் கிடப்பதைப் பார்த்தவர் புரிந்துகொண்டார்.

“பெத்த மக எனக்குப் பீ மூத்திரம் அள்ளுறத எத்தனை நாளைக்குப் பாத்துக்கிட்டுக் கெடப்பேன்? கயித்துல தொங்குனா ஹராம், பெரிய பாவம்பாக. நோன்புல மவுத்தானா யாரு கேக்கப்போறா?”

“அல்லா கேப்பான். அதுக்கு முன்னாடி நான் கேப்பேன்.” கோபத்தில் என் குரல் கிறீச்சிட்டது. “ஸ்டாப்பு வர்றதுக்கு முன்னாடி ஓடுற பஸ்ஸுல இருந்து குதிக்கிறவன என்ன வையி வைவீக! இப்ப நீங்க என்ன செய்றீக அத்தா?”

அவர் வாயை இறுக மூடிக்கொண்டார். என் தொண்டையும் நோன்பில் வறண்டு கிடந்தது. மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்கு சொல்லி முடிந்தது, நான் நகரவில்லை. தம்ளரை அவர் உதட்டில் வைத்தேன், தண்ணீர் போர்வையில் சிந்தியது. இந்தப் பிடிவாதத்திலேயே உயிர் போய்விட்டால் என்ன செய்வேன் என்று பயந்து செத்தேன்.

“அங்குட்டுத் திரும்பிக்க” என்றார் கடைசியில். பகலில் குடிப்பதை மகள் பார்க்கக் கூடாதாம். சுவரைப் பார்த்து நின்றேன். மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்டபோது வாய்விட்டு அழுதேன்.

அதன்பின் தினமும் ஒரு ஏழை எங்கள் வீட்டில் சாப்பிட்டார். “இன்னைக்கு யாரு சாப்பிட்டாக?” என்று அத்தா டிக்கெட் கேட்கிற குரலில் விசாரிப்பார். ஊசி போட்டுப் பார்க்கலாம் என்று டாக்டர் மறுபடி மதுரைக்குக் கூப்பிட்டபோது வேண்டாம் என்றார், நானும் சம்மதித்தேன்.

நோன்புப் பெருநாள் முடிந்து ஐந்தாம் நாள், நான் புகட்டிய தண்ணீர் கடைவாயில் வழிந்தது. என் கையை மெல்ல ஒதுக்கினார்.

“போதும்மா. ஸ்டாப்பு வந்துருச்சு.”

தம்ளரைக் கீழே வைத்தேன். ஈரப் பஞ்சால் அவர் உதட்டை நனைத்துவிட்டு, காதோரம் குனிந்து, உயிர் பிரியும்போது ஓதும் கலிமாவைச் சொல்லத் தொடங்கினேன்.