பொன்னெழுத்தும் அரைப்புள்ளியும்

எழுத்துக்கு நகை பூட்டுவது எனக்குப் பிடிக்காத வேலை. கல்முனை பஸாரில் ஒரு ஹாட்வெயார் கடைக்கு மேலே உள்ள அறையில் இருந்துகொண்டு கல்யாணக் கார்ட், கடைப் பேனர், ஆள் இறந்தால் வட்ஸ்அப்பில் அனுப்பும் ஜனாஸா அறிவித்தல் என்று வடிவமைத்துக் கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் எழுத்து மினுங்க வேண்டும், நிழல் விழ வேண்டும், ஓரத்தில் நெருப்புப் பற்ற வேண்டும் என்பார்கள். "வாசிக்கத்தானே எழுத்து, மாப்பிள ஊர்வலம் போகவா?" என்று கேட்டுத் துரத்திவிடுவேன். வாய்க்காரன் என்று பஸாரில் எனக்குப் பெயர். அந்தப் பெயருக்குப் பொருத்தமாக, கீழே கடைக்காரரைத் தவிர என்னோடு கதைக்க ஆளும் இல்லை.

அப்படிப்பட்ட நான், மகள் கேட்டதும் ஒரு மறுப்பும் சொல்லாமல் ஓம் என்றேன்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுப் படியேறும்போது அவளுடைய அழைப்பு வந்தது. கல்யாணம் பேசி முடிந்த செய்தி எனக்கு முன்பே வந்திருந்தது, அதுவும் கீழே கடைக்கு ஆணி வாங்க வந்த ஒருவர் வாயால்.

"வாப்பா, எண்ட கார்ட நீங்கதான் செஞ்சி தரணும். சிநேகிதிர கார்ட் ஒண்டு அனுப்பிரிக்கன், பாருங்க. அந்த மாதிரித் தங்கம் உருகின எழுத்துத்தான் எனக்கு வேணும்."

"ஓம் மகள்."

"ஏலுமா வாப்பா?"

"ஏலாட்டி ஏலப் பண்ணுவன்" என்றேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு நான் என்னென்னவோ கணக்குப் போட்டேன்.

அவளுடைய உம்மாவும் நானும் பிரிந்து பல வருடங்கள். யார் பக்கம் பிழை என்று எழுத இதை நான் தொடங்கவில்லை, பிரிவை விசாரித்த காதியார் கேட்டதே போதும். எங்கள் கிழக்குக் கரையில் வீடு பெண்ணுக்குரியது. கல்யாணம் முடித்த ஆண் பெண் வீட்டுக்குப் போவான், பிரிந்தால் அவன்தான் பெட்டியைத் தூக்க வேண்டும். சாய்ந்தமருதில் நான் தூக்கிய பெட்டி இந்த அறைக்கு வந்து சேர்ந்தது. சாய்ந்தமருதுக்கு இங்கிருந்து பஸ்ஸில் ஏறி டிக்கட் எடுப்பதற்குள் இறங்க வேண்டிவரும். அங்கே பெரிய பள்ளிக்குத் தொழவும் போவேன், மீன் வாங்கவும் போவேன். அவர்களுடைய வீடு இருக்கும் அந்த ஒரு ஒழுங்கைக்குள் மட்டும் போவதில்லை.

ஆனாலும் என்னை விட்டுவிட்டு அந்தக் கல்யாணத்தை நடத்த முடியாது. பெண்ணைக் கொடுப்பவர் வலிகாரர், அதாவது பெண்ணுக்குப் பொறுப்பானவர். வாப்பா உயிரோடு இருந்தால் அது வாப்பாதான். மாப்பிள்ளையின் கையைப் பிடித்து "என் மகளை உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன்" என்று அவர் சொன்னால்தான் நிக்காஹ். நேரில் வர ஏலாதவர் அந்தப் பொறுப்பை இன்னொருவரிடம் ஒப்படைக்கலாம். அதைத்தான் மகளின் மாமா, என் பழைய மச்சான், என்னிடம் கேட்டிருந்தார். "நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும் மச்சான், மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறன்." மரியாதையாகத்தான் கேட்டார். நான் பிறகு சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அரபியில் வலி என்றால் பொறுப்பாளர், தமிழில் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். இரண்டையும் ஒருவனே வைத்துக்கொண்டு இருந்தேன்.

எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான். பள்ளியில் வலிகாரராக நான் உட்கார வேண்டும் என்று மகள் நினைக்கிறாளா, இல்லையா? அதை வாய்விட்டுக் கேட்க எனக்குப் பயம். கார்ட்டை என்னிடம் தந்திருக்கிறாளே, அதுவே பதில் என்று வைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் கார்ட்டில் போட வேண்டிய வாசகத்தை அனுப்பினாள். கடைசியில் 'அன்புடன் அழைப்போர்' என்று இருந்தது. அதன் கீழே அவளுடைய உம்மாவின் பெயரும் மாமாவின் பெயரும் இருந்தன. என்னுடையது இல்லை. இன்னொரு செய்தி வருமென்று போனை மேசையில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு தேநீர் குடித்தேன். வரவில்லை. மனம் நொந்துபோனது, அதை வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் வேலையை ஏற்றுக்கொண்டவன் நான்.

நான் வேலை செய்வது கிம்ப் என்ற இலவசப் பட மென்பொருளில். திருட்டு மென்பொருளில் பிஸ்மில்லாஹ் அடிக்க மனம் ஒப்பாததால் பழகிக்கொண்டது. அதில் உருகிய தங்கம் சும்மா வராது. யாரோ ஒருவர் தனியாக எழுதிவைத்த ப்ளகின் ஒன்றை இறக்கி உள்ளே சேர்க்க வேண்டும். தேடியதில் முன்பின் தெரியாத ஒருவரின் பக்கத்தில் அது கிடைத்தது. குளிர் தேசத்து ஆளாக இருக்க வேண்டும், பக்கத்தின் தலையில் பனி மூடிய மலை. பல வருடங்களாக அவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. கீழே ஆட்கள் கேட்ட கேள்விகள் பதிலில்லாமல் கிடந்தன.

சுருக்கிக் கட்டிய கோப்பை விரித்து, ப்ளகின்கள் இருக்கும் கோப்புறையைத் தேடி உள்ளே போட்டு, மென்பொருளை மூடித் திறந்தேன். பட்டியலில் ஒன்றுமில்லை. விரித்த கோப்புறைக்குள் அதே பெயரில் இன்னொரு கோப்புறை, அதற்குள்தான் சாமான். வெளியே எடுத்துப் போட்டு மூடித் திறந்தேன். அப்போதும் இல்லை. என் கேள்வியையே ஒரு இணைய மன்றத்தில் இன்னொருவர் கேட்டிருந்தார். ஆவலோடு கீழே போனால், அவரே எழுதியிருந்தார்: 'சரிவந்துவிட்டது, நன்றி.' எப்படிச் சரிவந்தது என்று ஒரு சொல் இல்லை. அந்த மனிதரை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

கடைசியில் விளங்கியது, கிம்ப் புதியது, ப்ளகின் பழையது. புதியது பழையதை ஏறெடுத்தும் பார்க்காது. பழைய கிம்ப்பைத் தேடி எடுத்துப் புதியதற்குப் பக்கத்தில் நிறுவினேன். இம்முறை பட்டியலில் 'உருகிய தங்கம்' வந்து நின்றது. "வந்திட்டியா ராசா" என்று சத்தமாகச் சொன்னேன். சொன்ன பிறகுதான் அறையில் என் குரலைத் தவிர வேறு குரல் இல்லாதது உறைத்தது. இதைச் சொல்லிச் சிரிக்க ஒரு ஆள் இருந்தால் நல்லது என்று தோன்றியது.

ஆங்கில எழுத்தைப் போட்டுப் பார்த்தேன், தங்கமாக வழிந்தது. தமிழைப் போட்டேன், பிய்ந்துவிட்டது. ப்ளகின் ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்து முலாம் பூசும். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் வெறும் வட்டங்கள். குளிர் தேசத்து ஆளுக்குத் தமிழில் கொம்பும் காலும் உண்டென்று யார் சொல்லியிருப்பார்கள்?

எங்கள் அச்சுத்தொழிலில் இதற்குக் கைகண்ட மருந்து ஒன்று உண்டு. பாமினி. பாண்டிருப்பில் எனக்குக் கார்ட் அடித்துத் தரும் அச்சகக்காரர் இன்னும் பாமினியில்தான் கேட்பார். அது ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உடுப்பு மாட்டிய எழுத்துரு. நாம் தமிழ் அடித்துத் தமிழாகப் பார்க்கிறோம், கணினி அதை ஆங்கிலம் என்றே நம்பிக்கொண்டிருக்கும். ஆகவே ப்ளகினையும் ஏமாற்றலாம் என்று 'நிக்காஹ் அழைப்பிதழ்' என்று பாமினியில் அடித்துப் பொத்தானை அழுத்தினேன்.

தங்கம் என்றால் தங்கம், அப்படியொரு மினுக்கம். ஆனால் முதல் வரியில் 'நிக' என்று இருந்தது. அடுத்த வரியில் 'காஹ'. அதற்கடுத்து 'அழைப'. கடைசியில் 'பிதழ'. ஒரு புள்ளிகூட இல்லை. புள்ளி வர வேண்டிய இடத்தில் எல்லாம் வரி முறிந்து விழுந்திருந்தது.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். நெடுநேரம் திரையைப் பார்த்தபடி இருந்தேன். பிறகு பிடிபட்டது. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளிச் சாவியைத்தான் தட்ட வேண்டும். இந்தக் குளிர் தேசத்து ஆளோ, அரைப்புள்ளி வந்தால் அடுத்த வரிக்குப் போ என்று ப்ளகினுக்குக் கட்டளை எழுதி வைத்திருக்கிறார். அவர் பக்கத்தில் நியாயம் உண்டு, ஆங்கிலக்காரன் கார்ட்டில் எத்தனை அரைப்புள்ளி போடுவான்? எங்களுக்கோ அரைப்புள்ளி இல்லாமல் உம்மாவும் இல்லை, வாப்பாவும் இல்லை.

அவருடைய கட்டளையைத் திறந்து அந்தக் குறியை மாற்றத் தீர்மானித்தேன். எதை வைப்பது? பாமினியில் எந்தச் சாவியைத் தொட்டாலும் ஒரு தமிழெழுத்து உட்கார்ந்திருக்கும். கடைசியில் விசைப்பலகையிலேயே இல்லாத ஒரு குறியை எங்கிருந்தோ வெட்டி ஒட்டினேன். மூடித் திறந்தேன். சரிபார்க்கப் புள்ளியுள்ள ஒரு சொல் வேண்டியிருந்தது. கை தன்பாட்டில் 'வாப்பா' என்று அடித்தது. உடையாமல், புள்ளியோடு, ஒரே வரியில் பொன்னாக வந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அழித்தேன், கார்ட்டில் அதற்கு இடம் இல்லை.

உம்மாவின் பெயரையும் மாமாவின் பெயரையும் ஒரு குறையும் வைக்காமல் பொன்னாக்கினேன். மாமாவின் பெயரில் புள்ளிகள் அதிகம். எல்லாம் சரியாக விழுந்தன.

முடிந்துவிட்டது என்று செய்தி அனுப்பினேன். போனில் அனுப்பச் சொல்வாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் மறுநாள் மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மகள் அபாயாவோடு, பஸாரில் உடுப்பு வாங்கிய பையோடு வாசலில் நின்றாள். இந்த அறைக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை. இருந்த ஒரே கதிரையை அவளுக்குக் கொடுத்துவிட்டு நான் கட்டிலில் உட்கார்ந்தேன்.

திரையில் கார்ட்டைப் பார்த்தாள். "வடிவாரிக்கி வாப்பா" என்றாள். அதற்குள் கண் வேறு பக்கம் போய்விட்டது. அறையைப் பார்த்தாள், கொடியில் தொங்கிய சாரனைப் பார்த்தாள், மடியில் இருந்த பையைப் பார்த்தாள்.

"நான் கார்டப் பாக்க வரல்ல வாப்பா."

நான் கொடியில் இருந்த சாரனை எடுத்து மடித்தேன்.

"நிக்காஹ் அண்டைக்கு வலிகாரர் பொண்ணுக்கிட்ட வந்து சம்மதம் கேக்கணுமாம். நீங்க நம்மட ஊட்ட வரமாட்டீங்க. அதான் நான் வந்திரிக்கன். இப்ப கேளுங்க."

அவளுக்கு முன்னால் வந்து நின்றேன். மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லி, அவரைக் கல்யாணம் முடிக்கச் சம்மதமா என்று கேட்டேன்.

"சம்மதம் வாப்பா. நீங்கதான் குடுக்கணும். மாமாக்கிட்டச் சொல்லிட்டன், அவரும் சரியெண்டுட்டார்." பிறகு குரல் இறங்கியது. "கார்ட்ல உங்கட பேர் போட... உம்மா அதுக்கு மட்டும் சம்மதிக்கல்ல. பள்ளிக்கு நீங்க வாறதுக்கு ஒண்டும் சொல்லல்ல. ஊட்டுக்கு மட்டும்..."

"விளங்குது மகள்" என்றேன். அவள் அந்த வசனத்தை முடிப்பதை நான் கேட்க விரும்பவில்லை. போகும்போது கையைப் பிடித்து முத்தமிட்டாள். படியிறங்கும் சத்தம் ரோட்டுச் சத்தத்தில் கலக்கும்வரை கதவைச் சாத்தாமல் நின்றேன்.

நிக்காஹ் பள்ளியில் நடந்தது. ஆண்கள் மட்டும். மணமகள் வீட்டில் இருப்பாள். புதுச் சாரனும் வெள்ளைச் சேர்ட்டும் போட்டுக்கொண்டு மாப்பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்தேன். அதுவரை படத்தில் மட்டும் பார்த்த முகம். கை குளிர்ந்திருந்தது, பாவம். மௌலவி சொல்லிக் கொடுக்க, ஒரு சொல்லும் தடுக்காமல், என் மகளை உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன் என்று சொன்னேன். ஏற்றுக்கொண்டேன் என்றார். துஆ ஓதினார்கள். ஆட்கள் என் கையையும் பிடித்து வாழ்த்தினார்கள். அந்தக் கொஞ்ச நேரம் நான் தனியாள் இல்லை.

பிறகு எல்லாரும் எழுந்தார்கள். மாப்பிள்ளையை மணமகள் வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும், அங்கே சஹனில் நெய்ச்சோறு வைத்திருந்தார்கள், ஒரு தட்டைச் சுற்றி ஆட்கள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது. பள்ளி வாசலில் சோடித்த கார் நின்றது. மச்சான் முன் கதவைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தார். மாப்பிள்ளைக்கு எங்கள் வீட்டுக் கதைகள் அவ்வளவு தெரியாது போல. ஏறப்போனவர் திரும்பி வந்து என் கையைப் பிடித்தார்.

"மாமா, வாங்க, என்னோடயே ஏறுங்க. ஊட்ட போவம்."

"நீங்க முன்னுக்குப் போங்க மகன். நான் பின்னால வாறன்."

அவர் நம்பிவிட்டார். தன்னுடைய சஹனில் எனக்கு இடம் பிடித்து வைப்பதாகச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.