தாடைக்கும் தோளுக்கும் நடுவே

தையற்காரர் தோளில் தொங்குமே, அதே மஞ்சள் டேப்தான். கழுத்து எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கப் பெரிய மிஷின் ஏதாவது வைத்திருப்பார்கள் என்று நினைத்துப் போன எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது. பிசியோதெரபி சார் என்னை நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவைத்து, தோளும் கூடவே திரும்பிவிடாமல் பிடித்துக்கொண்டு, முடிந்தவரை வலப்பக்கம் திரும்பச் சொல்வார். தாடை நுனிக்கும் தோள் எலும்புக்கும் நடுவே டேப்பை வைத்துப் பார்ப்பார். இடைவெளி குறையக் குறையக் கழுத்து தேறி வருகிறது என்று அர்த்தம்.

நானும் அக்காவும் சேர்ந்துதான் போவோம். கூடப் பிறந்தவர் இல்லை. கப்பலூரில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் கூட வேலை பார்த்தவர். ஒருநாள் வேலை முடிந்து வண்டியூருக்குத் திரும்பும்போது எங்கள் வேனைப் பின்னாலிருந்து லாரி இடித்தது. இரண்டு பேருக்கும் கழுத்து வலப்பக்கம் திரும்பாமல் போய்விட்டது. எனக்குப் பில் போடும் வேலை. கழுத்து திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் கம்ப்யூட்டர் எதிரில்தான் இருக்கும். அக்கா அட்டை வெட்டும் மிஷினில் நிற்பவர். வலப்பக்கமிருந்து வரும் அட்டையைச் சட்டென்று திரும்பிப் பார்த்தாக வேண்டும், இல்லையென்றால் கை போய்விடும். ஆண்கள் மட்டுமே நின்ற அந்த இடத்தை அவர் சண்டை போட்டு வாங்கியிருந்தார். கழுத்து சரியானால்தான் திரும்பக் கிடைக்கும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

எனக்குச் சீக்கிரமே சரியாகிவிட்டது. அக்காவுக்கு அசைந்துகொடுக்கவே இல்லை. அவர் எதிரில் நான் மட்டும் ஜம்மென்று தலையைத் திருப்பிக் காட்டக் கூச்சமாக இருந்தது. அதனால் பாதியிலேயே நிறுத்தி, முகத்தைச் சுளித்து, "இம்புட்டுதான் சார் வருது" என்பேன். நடிப்பு எனக்கு நன்றாகவே வந்தது. "விடு புள்ள, நாம ரெண்டு பேரும் ஒரே கட்சி" என்று அக்கா சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்குள் பெருமை வேறு.

ஒருநாள் அக்கா மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தார். வலப்பக்கம் நின்றிருந்த சார், "உங்க போன் அடிக்குதுங்க" என்றார். முழுசாகத் திரும்பிவிட்டேன். போன் அடிக்கவே இல்லை.

அவர் கோபப்படவில்லை. "அந்த அக்கா வீட்ல பயிற்சியே செய்யிறதில்ல, தெரியுமா? கேட்டா, சின்னப் புள்ளைக்கே இம்புட்டுதான் திரும்புது, எனக்கு எம்புட்டு திரும்பிரப் போகுதுங்கிறாங்க" என்றார்.

அன்றே பஸ் ஸ்டாப்பில் வைத்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். பஸ் வந்த பிறகுதான் அவர், "நல்லதுதான் நெனச்ச. ஆனா என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்றார்.

அதன்பிறகு ஒருநாள் விடாமல் பயிற்சி செய்தார். கொஞ்சம் தேறியது, மிஷினுக்கு அது போதவில்லை. வீணாய்ப்போன அந்த நாட்களால்தானா என்று சாரிடம் தனியாகக் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். இல்லை என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம் என்று அன்றைக்கு நினைத்தேன். எனக்குப் பொய்யின் மேல் அவ்வளவு ஆசை. அக்கா இப்போது லேபிள் ஒட்டும் மேசையில் உட்கார்ந்திருக்கிறார். மிஷினில் வேறு ஆள் நிற்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாங்கள் தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்போம். அவருக்குச் சிரமம் வேண்டாமென்று நான் எப்போதும் அவருடைய இடப்பக்கமாகவே வருவேன். போன வாரம் பாதி வழியில் நின்றுவிட்டார்.

"ஏன்டி, எப்பப் பாரு இந்தப் பக்கமே வர்ற? அந்தப் பக்கம் போ. நான் திரும்பிப் பழக வேணாமா?"

வலப்பக்கம் போய் நின்றேன். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு மெல்ல மெல்லத் திரும்பினார். பார்வை என் முகம் வரை வரவில்லை. நான் ஓர் எட்டு முன்னால் வைத்தால் போதும், அவர் கண்ணுக்குத் தெரிந்துவிடுவேன். வைக்கவில்லை.