எட்டாவது பந்தும் பர்வீனின் ஹூக்கும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. எங்கள் படூர் அபார்ட்மென்ட் கிளப் ஹவுஸ். பூல் டேபிள் மேல் குனிந்து நிற்கிறேன். தொடர்ந்து எட்டுப் பந்துகளைக் குழியில் போட்டாயிற்று. ஒன்பதாவது, பாக்கெட்டுக்கு ஒரு சாண் தள்ளி சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது.

கதவு திறந்தது. எங்கள் அசோசியேஷன் செகரட்டரி. கூடவே செங்கல்பட்டிலிருந்து வந்திருந்த அவர் மைத்துனர்.

"நீங்க ஆடுங்க மேடம். நாங்க வெயிட் பண்றோம்."

வெயிட் பண்றோம்! என்னைக் கவிழ்க்க வேறு எதுவும் வேண்டாம். இது ஒன்று போதும்.

ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால், 'அறுபத்தோரு வயசுல உனக்கு எதுக்கு பூல்?' என்று கேட்கும் என் தங்கை மாதிரி ஆட்களுக்கு ஒரு பதில். மூட்டு வலிக்கு டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். டேபிளைச் சுற்றி நடக்கிறேன். போதுமா?

நானும் பர்வீனும் ஆடுவது 'ஸ்ட்ரெயிட் பூல்'. விதிகள் சுலபம். வெள்ளைப் பந்தால் மற்ற பதினைந்து பந்தில் எதை வேண்டுமானாலும் அடிக்கலாம் — ஆனால் எந்தப் பந்து, எந்தப் பாக்கெட் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். விழுந்தால் ஒரு பாயின்ட். பதினான்கு விழுந்ததும் கடைசிப் பந்தை அப்படியே விட்டுவிட்டு, மற்ற பதினான்கையும் மறுபடி அடுக்க வேண்டும். ஆட்டம் தொடரும். முக்கியமான விஷயம்: பந்து விழுகிற வரைக்கும் நம் டர்ன்தான். தவறவிட்டால்தான் அடுத்தவர் எழுந்து வர முடியும். அதுவரை அவர் உட்கார்ந்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

பர்வீன் மூன்றாவது மாடி. கோவளத்துப் பெண். கேளம்பாக்கத்தில் டெய்லரிங் கடை வைத்திருக்கிறாள். என்னைவிட பத்து வயது சின்னவள். வாய் மட்டும் என்னைவிட இருபது வயது பெரியது. யார் முதலில் ஐம்பது எடுக்கிறார்கள் என்று ஞாயிறுதோறும் ஆடுவோம். அவள் ஒரே டர்னில் இருபது வரை போயிருக்கிறாள். நான்?

எட்டு. ஐந்து மாதமாக எட்டு. என்ன குட்டிக்கரணம் போட்டாலும் எட்டுக்கு மேல் ஏறவில்லை. சிரிக்காதீர்கள்... எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. ரிட்டயர் ஆனபிறகு எனக்கே எனக்கென்று நான் ஆசைப்பட்ட ஒரே விஷயம் ஒரே டர்னில் அந்தப் பதினான்கைத் தாண்டுவதுதான். இன்னொரு முறை பந்து அடுக்கப்படுவதை நான் க்யூ கோலைப் பிடித்துக்கொண்டு நின்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

பயிற்சி போதவில்லை என்று நினைத்தேன். நினைப்பு தப்பில்லை. தினமும் ஒரு மணி நேரம் போய் ஆடிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் என்ன ஆடினேன்? பந்துகளைக் கலைத்துவிட்டு, பாக்கெட் வாசலில் நிற்பதையெல்லாம் டக் டக்கென்று தள்ளிவிட்டு, பெரிய ராணி மாதிரி வீட்டுக்கு வந்துவிடுவேன். தெரிந்த கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தால் பரீட்சையில் பாஸாக முடியுமா?

ஆகவே மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமை எந்தப் பந்தைத் தவறவிட்டேனோ அதை மட்டும் திங்கள் முதல் சனி வரை அடிப்பது. அதே இடம், அதே தூரம், இருபது தடவை. இடம் மறக்காமல் இருக்க வேண்டுமே? நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து டேபிளில் ஒட்டினேன். மறுநாள் ஒரு அட்டையே வாங்கிக்கொண்டு போனேன்.

செகரட்டரி பார்த்துவிட்டார். பச்சைத் துணி முழுக்க மெரூன் பொட்டு.

"இன்னா மேடம் இது... டேபிளுக்கு நலங்கு வச்சிருக்கீங்களா?"

பொட்டுகளை எடுத்துவிட்டேன். ஆனால் அதற்குள் என் அடி திருந்தியிருந்தது. தூரத்துப் பந்து விழுந்தது. ஓரத்துப் பந்தும் விழுந்தது. தனியாக ஆடும்போது பத்து, பதினொன்று என்று போனேன். ஞாயிறு வந்தது, பர்வீன் வந்தாள்... மறுபடியும் எட்டு!

காரணத்தைக் கண்டுபிடித்தது அவள்தான்.

"அக்கா, சொன்னா கோச்சுக்காத. ஏழு பந்து வரிக்கும் சூப்பரா அட்சிகினு வர்ற. எட்டு போட்டதும் என் மூஞ்சியப் பாக்கற. பாத்தியா... அடுத்த பந்து புட்டுகிது."

"நான் எங்கே பார்த்தேன்?"

"பாக்கற. பாத்துட்டு அவசர அவசரமா அடிக்கற. நான் இன்னா தட்கலுக்கா வந்து நிக்கறேன்?"

சுருக்கென்றது.

புது வாசகர்களுக்காகச் சொல்கிறேன், நான் ரயில் டிக்கெட் முன்பதிவு கவுண்டரில் முப்பத்திரண்டு வருடம் உட்கார்ந்தவள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் எப்போதும் ஒரு வரிசை. கையில் ஃபாரம், முகத்தில் கடுப்பு. தண்ணீர் குடிக்கத் தலையைத் திருப்பினால்கூட பின்னாலிருந்து ஒரு 'ச்சு' கேட்கும். எனக்காக ஒருவர் காத்திருக்கிறார் என்றாலே என் கை தானாக வேகமெடுக்கும். வேலையை விட்டு ஒரு வருடம் ஆகிறது. கைக்கு அது தெரியவில்லை.

கவுண்டரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. கல்யாணப் பந்தியில் நம் நாற்காலிக்குப் பின்னால் யாராவது வந்து நின்றால் என்ன செய்வோம்? பாயசத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிடுவோம். நம்மில் எத்தனை பேர் பாயசத்தை முழுசாகக் குடித்திருக்கிறோம்? பெண்களே, மனதைத் தொட்டுச் சொல்லுங்கள்.

பர்வீன் உட்கார்ந்திருக்கிறாளே, பாவம் என்று என் மனசு எட்டாவது பந்தில் எழுந்து இடம் கொடுத்துவிடுகிறது. இதற்கு எந்தப் பொட்டை எங்கே ஒட்டுவது?

போன ஞாயிறு அவள் ஒரு துணிப்பையோடு வந்தாள். உள்ளே மூன்று ஜாக்கெட், ஊசி, நூல், ஒரு டப்பா நிறைய ஹூக்.

"மத்தியானம் டெலிவரி குடுக்கணும்க்கா. நீ ஆடிகினு இரு, நான் ஹூக்கு வச்சிகினு இருக்கேன். எவ்ளோ நேரம் வேணா ஆடு. சீக்கிரம் முட்சினா எனுக்குதான் பேஜாரு."

அவளுக்கு வேலை இருக்கிறது. அவள் காத்திருக்கவில்லை! எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா?

அப்படித்தான் அன்றைக்கு எட்டு வரை வந்து நின்றேன். அப்போதுதான் செகரட்டரியும் மைத்துனரும்.

"நீங்க ஆடுங்க சார், நாங்க அப்புறம்..." என்று வாய்வரை வந்துவிட்டது.

பர்வீன் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உக்காருங்க சார். அக்கா ஆடிகினு கீது."

இருவரும் உட்கார்ந்தார்கள். நான் அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. பந்தைப் பார்த்தேன். க்யூவுக்கு சாக் தடவினேன், மெதுவாக. மூச்சை விட்டேன், அதையும் மெதுவாக. ஒன்பது விழுந்தது.

பத்து. பதினொன்று. பன்னிரண்டு ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது — பொட்டு வைத்துப் பழகிய அதே அடி. விழுந்தது. பதின்மூன்று போகும்போது மைத்துனர் நாற்காலி நுனிக்கு வந்திருந்தார். "அடுத்தது எந்தப் பாக்கெட்டு மேடம்?" என்று அவரே கேட்டார். வெயிட் பண்ணுகிறவர்கள் எல்லாம் நம்மைத் திட்டிக்கொண்டுதான் இருப்பார்கள் என்று எனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

பதினான்கு.

டேபிளில் ஒரே ஒரு பந்து. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்க என்ன இருக்கிறது?

"இருங்க மேடம், நான் அடுக்கறேன்" என்று எழுந்தார் செகரட்டரி. நலங்கு என்று கேலி செய்த அதே மனிதர், முக்கோணத்தில் பதினான்கு பந்துகளையும் அக்கறையாக அடுக்கினார். நான் க்யூவைப் பிடித்துக்கொண்டு பர்வீன் பக்கத்தில் போய் நின்றேன்.

அவள் மடியைப் பார்த்தேன். இரண்டு ஜாக்கெட் மடித்துப் பைக்குள் இருந்தது. மூன்றாவதில் ஆறு ஹூக்கும் வைத்தாயிற்று. அவள் ஆறாவதைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நூலை உருவி எடுத்துவிட்டு, அதே ஹூக்கை அதே இடத்தில் மறுபடி வைத்தாள். பக்கத்தில் தரையில் பிரித்த நூல் துண்டுகள் ஒரு கைப்பிடி கிடந்தன.

"என்ன பர்வீன் பண்றே?"

நிமிரவேயில்லை. "ஒண்ணுமில்லக்கா. தையல் சரியா வரல. நீ போய் உன் வேலயப் பாரு."

போனேன். கடைசிப் பந்தைச் சொல்லி அடித்தேன். அது விழுந்தது, வெள்ளைப் பந்து திரும்பிப் போய் அடுக்கி வைத்ததைக் கலைத்தது. பதினைந்து. பதினாறு. பதினேழு. பதினெட்டைத் தவறவிட்டேன், துளியும் அவசரப்படாமல்.

இந்த வாரம் கேளம்பாக்கத்தில் நாலு பேரிடம் விசாரித்துவிட்டேன். பர்வீன் வைத்த ஹூக் சரியில்லை என்று சொன்னவர் இதுவரை ஒருத்தர்கூட இல்லை.