கழுத்திலேயே இருந்த கத்தி

போன வாரம் பெங்களூரிலிருந்து மகன் வந்திருந்தான். அவன் வந்து சேர்வதற்கு முன்பே அவன் பேருக்கு ஒரு பார்சல் வந்து காத்திருந்தது. இங்கிருந்தே நண்பர்களோடு மலையேறப் போகிறானாம். அதற்கு வேண்டிய சாமான். பிரித்தால், என் நடுவிரலைவிடக் கொஞ்சம் நீளமாக ஒரு கத்தி. மடக்குகிற கத்தி இல்லை, அலகு நீட்டியபடியே இருப்பது. அதற்கு ஒரு கறுப்பு உறை, உறையில் கோத்த கயிறு.

"கழுத்துல மாட்டிக்கிறதுப்பா. காட்டுல போயி பையையெல்லாம் தொறந்து தேடிக்கிட்டு இருக்க முடியாதுல்ல" என்றான்.

"சங்கிலி போடுற கழுத்துல கத்தியப் போடுறானாம். கூறு இருக்கா பாருங்க" என்று சொல்லிவிட்டு என் மனைவி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவனுக்கு எனக்கு விளக்கம் சொல்வதில் ஒரு சந்தோஷம். பிடி கீழே பார்த்துத் தொங்க வேண்டுமாம், அப்போதுதான் ஒரே இழுப்பில் கைக்கு வருமாம். கயிறு மெல்லிசாக இருக்க வேண்டுமாம், எங்காவது மாட்டினால் அறுந்து விழ வேண்டுமாம், இல்லாவிட்டால் கழுத்தை இறுக்கிவிடுமாம். நான் ஒன்றும் தெரியாதவன் மாதிரி ‘அப்படியா, அப்படியா’ என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் பெரியவர்களான பிறகு அப்பன்மார்களுக்கு இது ஒரு உத்தியோகம். சும்மா உறையை வாங்கி மூக்கருகே கொண்டுபோனேன். புது ரப்பர் வாசம். அதற்கப்புறம் அவன் சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை.

ரப்பர் வாசம் என்றால் உங்களுக்குப் பள்ளிக்கூடத்து அழிப்பான் ஞாபகம் வரலாம். எனக்கு சைக்கிள் டியூப். என் அக்கா வீட்டுக்காரர், நான் மச்சான் என்று கூப்பிடுவேன், பழைய டியூபை நறுக்கித் தைத்துக் கத்திக்கு உறை பண்ணுவார். கத்தியும் அவரே பண்ணுவதுதான். இரும்பு அறுக்கும் ரம்பத்தின் உடைந்துபோன ஆக்ஸா பிளேடைக் கல்லில் தேய்த்துக் கூராக்கி, வேப்பங்கட்டையில் பிடி போட்டிருப்பார். நெற்குப்பைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அவர்கள் வீடு. மாட்டுக்கொட்டகை ஆணியில் அப்படி நாலைந்து கத்திகள் வருடம் பூராவும் சும்மா தொங்கும். மஞ்சுவிரட்டு அன்றைக்கு மட்டும் ஆட்களின் கழுத்துக்கு வரும்.

நீங்கள் வெளியூர் என்றால் இதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்து மஞ்சுவிரட்டில் மாட்டைப் பொட்டலுக்கு ஓட்டிப்போய், அங்கேயே கயிற்றை அறுத்து விட்டுவிடுவார்கள். அவிழ்க்க நேரம் இராது. கொட்டுச் சத்தத்திலும் கூட்டத்திலும் மாடு மிரண்டு நிற்கும். மூக்கணாங்கயிறு, கழுத்துக் கயிறு இரண்டையும் சடக்கென்று அறுத்துவிட்டு ஆள் ஒதுங்கிவிட வேண்டும். கத்தியை மடியில் செருகினால் ஓடும்போது விழுந்துவிடும். கையிலேயே வைத்திருந்தால், மாடு ஒரு உதறு உதறியதும் நம் தொடையில் இறங்கும். அதனால்தான் கழுத்து. அறுத்துவிட்ட மாடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு கண்மாய், காடு என்று எங்காவது ஓடும். ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துத் தானாக வீட்டுக்கு வந்து நிற்கும்.

நான் அப்போது புதுவயலில் ஒரு அரிசி ஆலையில் லாரிக்குச் சரக்கு ஏற்றி அனுப்பும் வேலையில் இருந்தேன். இருபத்தாறு வயது. உடம்பிலும் சட்டையிலும் எந்நேரமும் அவித்த நெல் வாசம்தான். லோடு ஏற்றுகிறவர்கள் தார்ப்பாய் கட்டும் முடிச்சு ஒன்றை எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இழுக்க இழுக்க இறுகும், லேசில் அவிழாது. அதைப் போடக் கற்றுக்கொண்டதில் எனக்கு ஏகப்பட்ட கர்வம். துணி காயப்போடும் கொடிக்குக்கூட அந்த முடிச்சுதான். வீட்டில் கொடியைக் கழற்ற முடியாமல் அம்மா என்னைத் திட்டிக்கொண்டே இருப்பாள்.

அக்கா வளர்த்த மாட்டின் பேர் மயிலை. சாம்பல் வெள்ளை நிறத்தைச் சொல்லித்தான் பேர். அக்கா மட்டும் ‘மயிலு’ என்பாள். ஈன்ற மூன்றாம் நாளே தாய்ப்பசு செத்துப்போனதால், கன்றை அவள்தான் பால் புட்டியும் கஞ்சியுமாகக் கொடுத்து ஆளாக்கினாள். ஊரே எட்டி நிற்கும் அந்த மாடு, அவள் இடுப்புச் சேலையில் முகத்தைத் தேய்த்துக்கொண்டு நிற்கும். "எங்க ரெண்டு பேரையும்விட ஒனக்கு மாடுதான் பெருசு" என்று அவளுடைய இரண்டு பெண்களும் சண்டை போடுவார்கள். "ஆமாடி, அது ஒங்கள மாதிரி எதுத்துப் பேசுதா?" என்பாள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் உண்மையும் அதுதான்.

அந்த வருடம் பொங்கலுக்கு லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். மயிலையின் கழுத்துக்கு ஆலையிலிருந்து புது நைலான் கயிறு கொண்டுபோனதும் நான்தான். பொட்டலில் மச்சான் கத்தியைக் கழுத்திலிருந்து இழுத்த அதே நேரத்தில் பக்கத்தில் எவனோ வெடியைக் கொளுத்திப் போட்டான். மயிலை ஒரே துள்ளு. மச்சான் ஒரு பக்கம் விழுந்தார். மாடு கழுத்தில் கயிறோடு போய்விட்டது. பத்து முழம் கயிறு தரையில் இழுபட்டுக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்தோம்.

கயிறோடு போன மாடு தானாக வீடு வராது. கருவேலங்காட்டில் எங்காவது சிக்கிக்கொள்ளும், அல்லது கிணற்றில் விழும். மறுநாள் விடிந்ததும் ஆளுக்கொரு பக்கம் தேடக் கிளம்பினோம். கொட்டகையிலிருந்து ஒரு கத்தியை எடுத்து மச்சான் என் கழுத்தில் மாட்டினார்.

"மாட்டக் கண்டா கயித்த அறுத்து விட்டுரு மாப்ள. அம்புட்டுத்தான் ஒன் வேல. புடிக்க வேணாம், கட்ட வேணாம். அதுக்கு வீடு தெரியும்."

அக்கா வாசலில் நின்றிருந்தாள். முதல் நாளிலிருந்து அவள் சோறு தின்னவில்லை. "தம்பி, கண்டுட்டேன்னா எனக்கு ஒரு வார்த்த சொல்லி அனுப்புடா" என்றாள்.

மயிலையைக் கண்டது நான்தான். உச்சிவேளை. கண்மாய்க் கரைக்கு உட்புறம், ஒரு கருவேலமரத்து நிழலில் அசையாமல் நின்றது. கயிறு எதிலும் சிக்கவில்லை. என்னைப் பார்த்துக் காதை மட்டும் ஆட்டியது. கிட்டப் போனேன், முகர்ந்து பார்த்துவிட்டு சும்மா இருந்தது. கத்தி நெஞ்சில் தொங்குகிறது. ஒரு இழுப்பு இழுத்து அறுத்திருந்தால் வேலை முடிந்தது.

நான் அறுக்கவில்லை. ஏன் என்று இத்தனை வருடமாக எனக்கு நானே காரணம் சொல்லி வருகிறேன். அறுத்தால் ரோட்டுப் பக்கம் ஓடி லாரியில் அடிபடும் என்று நினைத்தேன் என்பது ஒன்று. அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. மிச்ச உண்மை, மாட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஊருக்குள் நடக்க வேண்டும் என்கிற ஆசை. மஞ்சுவிரட்டில் வேடிக்கை பார்க்கக்கூட வண்டி மேல் ஏறி நின்ற ஆலைக்காரன், மயிலையைப் பிடித்து வந்தான் என்று ஊர் பேச வேண்டும். அக்கா பார்க்க வேண்டும். தனியாக ஓட்டிப்போகும் தைரியம் மட்டும் இல்லை. ஆகவே கயிற்றின் நுனியை மரத்தில் என்னுடைய அருமையான முடிச்சைப் போட்டுக் கட்டிவிட்டு, மச்சானைத் தேடி ஓடினேன்.

அவர் கண்ணில் படவில்லை. கண்மாயை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. மாடு மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. கயிறு குறைந்துகொண்டே போய், கரைச் சரிவில் கால் வழுக்கி, கழுத்து மேலே இழுபட்டுக் கிடந்தது. நாக்கு வெளியே வந்திருந்தது. அப்போதுதான் கத்தியை எடுத்தேன். மச்சான் தீட்டிய கத்தி, ஒரே இழுப்பில் கயிறு துண்டாகிவிட்டது. மாட்டின் தலை மண்ணில் விழுந்தது. உடம்பு இன்னும் சுட்டது.

அதற்கப்புறம் செய்ததைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. அழவில்லை. மரத்தில் இருந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். மாட்டின் பாரம் இழுத்து இறுகிய முடிச்சு, நகம் பெயர்ந்து கை கிழிந்ததே தவிர அசையவில்லை. கத்தியால் அறுத்திருக்கலாம், அந்த நேரத்தில் அது புத்திக்கு எட்டவில்லை. அதற்குள் பேச்சுக்குரல் கேட்டது. மச்சானும் வேறு இரண்டு பேரும்.

"முள்ளுல சிக்கிக்கிச்சு மச்சான். நான் வந்து அறுக்குறதுக்குள்ள..." என்றேன்.

மச்சான் மாட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து அதன் கண்ணை மூடிவிட்டார். எழுந்து மரத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார். முடிச்சு இருந்த பக்கம் கொஞ்ச நேரம் நின்றார். வண்டி கொண்டுவர ஆட்கள் போன பிறகு நான் மெல்ல மரத்தைப் பார்த்தேன். முடிச்சு இல்லை, கயிறும் இல்லை.

வேட்டி, துண்டு, மாலை போட்டு, மனுசருக்குச் செய்வதுபோலவே செய்து, கண்மாய் ஓரத்தில் புதைத்தோம். அக்கா என் கையைப் பார்த்துவிட்டு, அழுதுகொண்டே உள்ளே போய்த் தேங்காயெண்ணெய் எடுத்துவந்து தடவினாள். "கையெல்லாம் இப்புடிக் கிழிச்சுக்கிட்டு அறுத்துருக்கியேடா" என்றாள். எரிந்தது. கையை இழுத்துக்கொள்ளக்கூடத் தைரியம் வரவில்லை.

மறு வருடம் அந்த வீட்டில் மாடு இல்லை. அதற்கு அடுத்த வருடமும் இல்லை. அக்கா இன்னொரு கன்று வளர்க்கவே இல்லை. யாராவது கேட்டால், "முள்ளுல சிக்கிக்கிச்சு. எந்தம்பிதான் ஓடிப்போயி அறுத்து விட்டான்" என்பாள். நான் பக்கத்தில் இருந்தால் எழுந்து வெளியே போய்விடுவேன்.

மச்சான் ஒரே ஒரு முறைதான் கேட்டார். அது நடந்து ஐந்தாறு வருடம் இருக்கும், எனக்குக் கல்யாணமாகியிருந்தது. காரைக்குடி பஸ்ஸுக்காக நிற்கிறேன், வழியனுப்ப வந்தவர் பக்கத்தில் நிற்கிறார். ரோட்டையே பார்த்தபடி, "என்கிட்ட ஏதாச்சும் சொல்லணுமா மாப்ள?" என்றார். மெதுவாகத்தான் கேட்டார்.

"ஒண்ணுமில்ல மச்சான். பஸ்ஸு வந்துருச்சு."

உண்மையில் பஸ் இன்னும் வளைவுகூடத் திரும்பவில்லை. அப்புறம் எத்தனையோ பொங்கல்களுக்குப் போனேன், அவர் வீட்டுக் கறிச்சோறு தின்றேன், பெண்கள் கல்யாணத்தில் மாமன் முறைக்கு முன்னால் நின்றேன். சொல்லவில்லை. இவ்வளவு நாள் கழித்து எதற்கு என்று ஒரு வருடம். அவருக்கு உடம்பு சரியில்லையே என்று ஒரு வருடம். சொல்லாமல் இருக்கக் காரணத்துக்கா பஞ்சம்? போன வருடம் மதுரை ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்து மச்சான் போய்விட்டார்.

பார்சலைப் பிரித்த அன்று சாயங்காலமே பஸ் ஏறி அக்கா ஊருக்குப் போனேன். முதலில் கண்மாய்ப் பக்கம் நடந்தேன். பொட்டலில் பாதியை மனை போட்டுக் கல் ஊன்றியிருக்கிறார்கள். கருவேலங்காட்டை மிஷின் வைத்து வழித்துவிட்டார்கள். மயிலையைப் புதைத்த இடம் எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த மரமும் இல்லை.

அக்கா டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, குடித்த காப்பி டம்ளரைக் கீழே வைக்காமல், எல்லாவற்றையும் சொன்னேன். கட்டியது, விட்டுவிட்டுப் போனது, பொய் சொன்னது, எல்லாம். டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"தெரியும்டா" என்றாள். "அன்னிக்குப் பொழுது சாயவே அவுக என்கிட்டச் சொல்லிட்டாக."

"அப்ப ஏங்க்கா நீ ஒரு வார்த்த கேக்கல?"

"அவனாச் சொல்லட்டும், நீயா ஒண்ணும் கேட்றாதன்னாக. ஒவ்வொரு பொங்கலுக்கும் நீ வந்துட்டுப் போன பொறவு, ஒன்கிட்டயாச்சும் சொன்னானான்னு என்னயக் கேப்பாக. கடசியா ஆஸ்பத்திரிக்கு நீ வந்து பாத்துட்டுப் போனேல்ல, அன்னிக்கும் கேட்டாக."

"நீ என்னக்கா சொன்ன?"

"இல்லன்னேன். வேற என்னத்தடா சொல்ல?"