பிள்ளைக் காம்பராவில் ஒரு காது மெசின்

என் அக்காவுக்குக் காது மெசின் கிடைத்த அன்று அவளைவிட எனக்குத்தான் தலைகால் புரியவில்லை. அப்போது இலங்கையில் கேகாலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். ரப்பர் ஷீட் போடும் ஸ்டோரில் மோட்டார்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் எவர் வீட்டு ரேடியோ ஊமையானாலும் என்னிடம்தான் வரும். அதில் பாதி என் கை பட்ட பிறகு நிரந்தரமாகவே ஊமையாகிவிட்டது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்கா பிள்ளைக் காம்பராவில் ஆயா. விடியற்காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். அவளுக்குச் சொந்தமாகப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், "எனக்கா இல்ல? வந்து எண்ணிப் பாரு" என்று தொட்டில் வரிசையைக் காட்டுவாள். எப்போதோ வந்த ஒரு காய்ச்சலில் அவள் காது மந்தமாகி, வரவர மோசமாகிக்கொண்டே போனது. ஒருநாள் தொட்டிலில் ஒரு குழந்தை தொண்டை வறளக் கத்த, அக்கா பக்கத்திலேயே பால் போத்தல் கழுவிக்கொண்டிருந்திருக்கிறாள். குழந்தையின் தாய் பார்த்துவிட்டாள். விஷயம் தோட்ட மேனேஜர் தொரை வரைக்கும் போனது.

"மெசின் போட்டுக்கிட்டு வேல செய்யட்டுமாம். வெல்பெயார் நோனா வந்து பாத்து சரின்னா இருக்கலாமாம். இல்லாட்டி வேற ஆளு," என்று கிளாக்கர் வந்து சொன்னார்.

அன்று அக்கா அடுப்பே மூட்டவில்லை. "புள்ளைங்கள உட்டுட்டு நான் என்னாடா செய்வேன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

டவுனில் நடந்த இலவச முகாமில் மெசின் கொடுத்தார்கள். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு வயர், வயர் முனையில் காதில் செருகும் குமிழ். உள்ளே ஒரு பென்டோர்ச் பெட்டரி. பெட்டியைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொள்ள வேண்டும். முதல் நாளே அக்கா அதைக் கழற்றி என் மடியில் போட்டாள்.

"இதுல புள்ள சத்தத்த தவிர எல்லாம் கேக்குதுடா!"

நானும் மாட்டிப் பார்த்தேன். அடடா, என்ன இரைச்சல்! சேலை உரசினால் சருகில் மாடு நடக்கிற மாதிரி சரசரப்பு. ஸ்டோரில் ரப்பர் நசுக்கும் ரோலரின் உறுமல் மண்டைக்குள்ளேயே ஓடியது. அதையெல்லாம் தாண்டிக் கேட்க வேண்டுமென்று அக்கா சத்தத்தை முழுதாகக் கூட்டுவாள். கூட்டினால் விசில் அடிக்கும். போதாததற்கு, பகல் சோற்றுக்குள் பெட்டரி செத்துவிடும்.

ரப்பர் தோட்டத்துக்காரனுக்கு எந்த வியாதிக்கும் மருந்து ரப்பர்தான். செருப்பு பிய்ந்தால் ரப்பர், கூரை ஒழுகினால் ரப்பர், கதவு ஆடினால் ரப்பர். நானும் அந்தப் புத்தியோடுதான் போனேன். புகைபோட்ட ரப்பர் ஷீட்டில் ஒரு துண்டு வெட்டி, மெசினைச் சுற்றி, ஓரமெல்லாம் ரப்பர் பாலூற்றி ஒட்டினேன். சரசரப்பு போயே போய்விட்டது. "எப்படி?" என்றேன் பெருமையாக. அக்கா சிரித்துத் தலையாட்டினாள். அவள் அன்று முழுக்க எல்லாருக்கும் அப்படியே சிரித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். மைக் துவாரத்தையும் சேர்த்து ஒட்டிவிட்டேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. புகை நாற்றத்தில் குழந்தைகள் வேறு தும்மித் தள்ளின.

"நல்லா செஞ்ச போ. முன்னயாச்சும் கொஞ்சம் கேட்டுச்சு," என்றாள் அக்கா.

விடுவேனா? அடுத்து, நாற்றமில்லாத வெள்ளைக் கிரேப் ரப்பரில் மெத்தென்று ஒரு பை செய்து, மைக்குக்கு நேரே துவாரம் விட்டேன். செத்த ரேடியோ ஒன்றிலிருந்து சின்னதாக ஒரு கெப்பாசிட்டரைப் பிடுங்கி மெசினுக்குள் வைத்ததில் ரோலர் உறுமல் பாதியாக அடங்கியது. காதுக் குமிழைச் சுற்றி மெல்லிய ரப்பர் வளையம் போட்டதும் சத்தம் வெளியே ஒழுகாமல் விசிலும் நின்றது. அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. இரைச்சல் குறைந்தால் சத்தத்தைக் கூட்ட வேண்டியதில்லை. கூட்டாவிட்டால் பெட்டரி தின்பதும் குறையும். இரண்டு வியாதிக்கும் ஒரே மருந்து! அன்று நான் லயத்தில் நடந்த நடையை யாராவது பார்த்திருந்தால் அடித்திருப்பார்கள்.

பிள்ளைக் காம்பராக்களைப் பார்வையிடும் சிங்கள அம்மாவான அந்த வெல்பெயார் நோனா வந்த அன்று, மெசினுக்குப் பொறுப்பு நான்தான் என்று என்னையும் காம்பராவுக்குக் கூப்பிட்டார்கள். நோனா சிங்களத்தில் கேட்பார், நான் தமிழில் அக்காவுக்குச் சொல்வேன். நோனா அக்கா முதுகுக்குப் பின்னால் நின்று தகரக் கோப்பையில் கரண்டியைப் போட்டார். அக்கா டக்கென்று திரும்பினாள். மெல்லக் கூப்பிட்டார். அதற்கும் திரும்பினாள். நான் சட்டைக் கொலரைச் சரிசெய்துகொண்டேன்.

அந்த நேரம் பார்த்துப் பிடித்தது மழை. வெயில் மழை இல்லை, எங்கள் சப்ரகமுவ மாகாணத்து மழை. தகரக் கூரையில் கல்லைக் கொட்டினாற்போல் இறங்கியது. மரத்தில் கட்டிய சிரட்டையில் இருக்கும் பால் கெடுவதற்குள் சேர்க்கத் தாய்மார் மலையில் ஓடிக்கொண்டிருப்பார்கள். இப்போதைக்கு ஒருத்தியும் வரமாட்டாள். நோனா வாயை அசைக்கிறார், எனக்கு ஒரு சொல் கேட்கவில்லை. அக்கா என்ன செய்தாள் தெரியுமா? குமிழைக் காதிலிருந்து கழற்றி மெசினை நிறுத்தினாள்!

எனக்கு உயிரே போய்விட்டது. 'பாவி, கெடுத்தியே!' என்று கண்ணாலேயே கத்தினேன். அவள் நிம்மதியாக வாங்குப் பலகையில் சாய்ந்து உட்கார்ந்தாள். நோனாவின் முகம் இறுகியது.

சற்று நேரத்தில் அக்கா விருட்டென்று எழுந்து கடைசித் தொட்டிலுக்குப் போய் ஒரு குழந்தையைத் தூக்கினாள். வாய் கோணி, முகம் சிவந்து அழுதுகொண்டிருந்தது. நல்ல காதுள்ள நாங்கள் இரண்டு பேரும் அங்கேயேதான் நின்றோம், எங்களுக்குக் கேட்கவில்லை.

மழை விட்டதும் நோனா என்னிடம், "எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள்," என்றார். நான் அக்காவின் காதருகே குனிந்து உரக்கக் கேட்டேன். குழந்தையோடு மறுபடி வாங்கில் உட்கார்ந்திருந்த அக்கா சேலைக் கரையைத் தூக்கிக் காட்டினாள். ஒவ்வொரு தொட்டிலிலிருந்தும் ஒரு மெல்லிய கயிறு தரையோடு வந்து, உட்காரும்போது மாட்டி எழும்போது கழற்றும் வளையமாக அவள் கால் விரல்களில் கோத்திருந்தது. அந்தப் புகாருக்குப் பிறகு அவளாகச் செய்துகொண்ட ஏற்பாடு. கூடப் பிறந்த எனக்கே தெரியாது.

"அப்படியென்றால் இந்த மெசின் எதற்கு? கயிறே போதுமே?" என்றார் நோனா. நான் அதையும் அக்காவின் காதில் தமிழில் உரக்கச் சொன்னேன். எனக்கும் அந்தப் பதில் வேண்டித்தான் இருந்தது.

"அழுதா ஒதைக்கும், காலுக்கு தெரிஞ்சிரும் நோனா," என்றாள் அக்கா. "சிரிச்சா கயிறு ஆடாதே. அதுக்குத்தான் பெட்டரிய மிச்சம் புடிச்சு வைக்கிறேன்."

இதைச் சிங்களத்தில் சொல்ல ஆரம்பித்தேன். ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

நோனா தொரையிடம் தானே பேசிக்கொள்வதாகவும், ஆயா இங்கேயே இருக்கட்டும் என்றும் சொன்னார். பிறகு நடுத் தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, அக்காவைப் பார்த்துக் கையசைத்து, தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் சொன்னார்.

"ஆயா, மெசின் போடுங்க. இந்த பபா சிரிக்குது."