நாற்காலிக்குப் பனியன்

வழங்குநர் நடத்தை விதிகள், பிரிவு ஒன்பது, உட்பிரிவு நான்கு: 'கம்பெனியின் முடிவால் பாதிக்கப்பட்டதாகக் கருதும் எந்தத் தொழிலாளியும் எழுத்து மூலம் முறையிடலாம். முறையீடு கிடைத்த முப்பது நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் தரப்படும்.'

என் செல்போன் எண்ணைக் கேட்டால் இரண்டு முறை யோசிக்கிற எனக்கு இது மட்டும் எழுத்துப் பிசகாமல் வரும். போன வாரம் மறுபடி நினைவுக்கு வந்தது. தங்கை மகன் எனக்குப் புத்தக அலமாரி வாங்கி அனுப்பியிருந்தான். வந்து இறங்கியவை இரண்டு அட்டைப்பெட்டிகள்.

"அலமாரி எங்கேடா?"

"இதுதானுங்க மாமா அலமாரி. நாமளே மாட்டிக்கோணும்."

பலகைகள், ஒரு பொட்டலம் திருகாணி, வளைந்த சாவி ஒன்று, எழுத்தே இல்லாத படத்தாள். ஆசாரியின் வேலையை வாங்குகிறவன் தலையில் கட்டிவிட்டு, அதற்கு எளிமை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பையன் அரை நாள் தரையில் உட்கார்ந்து மாட்டினான். கடைசியில் இரண்டு திருகாணி மிஞ்சியது. "எக்ஸ்ட்ரா குடுத்திருப்பாங்க மாமா" என்றான். அலமாரி லேசாக ஆடுகிறது.

பெட்டிக்குள் ஒரு வழுவழுப்பான புத்தகமும் இருந்தது. அந்த வெளிநாட்டுக் கம்பெனி இந்தியாவில் வளர்ந்த வரலாறாம், தமிழிலேயே. 'நாங்கள் உங்கள் இல்லங்களைக் கேட்டோம்' என்று தொடங்குகிறது. இல்லத்தைக் கேட்டார்களா, இல்லத்தில் இருப்பவர்களைக் கேட்டார்களா என்பதை மொழிபெயர்த்தவர்தான் சொல்ல வேண்டும். முதலில் சரக்கு வாங்கும் அலுவலகம், பிறகு பெருநகரத்தில் கடை, திறந்த நாளில் சாலை வரை வரிசை, இப்போது நம் ஊர் வாசல் வரைக்கும் பெட்டி. நடுவில் அரைப் பக்கத்துக்கு ஒரு படம்: தையல் இயந்திரங்களின் முன்னால் பெண்கள், எல்லோர் மூக்கிலும் வெள்ளை முகமூடி. கீழே, 'தெற்கில் எங்கள் கூட்டாளிகள்.'

அந்த முகமூடிகளை வாங்கி வந்தவன் நான். தணிக்கை நாளன்று காலையில் கொடுப்போம், சாயங்காலம் எண்ணித் திரும்ப வாங்கி வைப்போம். அடுத்த தணிக்கைக்கு ஆகும்.

அப்போது நான் ஒரு பின்னலாடை யூனிட்டில் பணியாளர் அதிகாரி. அதிகாரி என்பது பலகையில். வேலை, ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து படிவங்களை நிரப்புவது. கடை திறக்கப் பல வருஷம் முன்பே அந்தக் கம்பெனி இந்த ஊருக்குத் துணி தைக்கக் கொடுக்க வந்துவிட்டது. சோபாவுக்கும் நாற்காலிக்கும் இழுத்து மாட்டுகிற உறைகள், பின்னல் துணியில். முதல் சாம்பிளைக் கையில் வாங்கிப் பார்த்த எங்கள் முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார்.

"சேருக்குப் பனியன் போடறானுங்கொ! நாளைக்கு கட்டிலுக்கு ஜட்டி கேப்பானுங்கொ, இருங்க."

சிரித்தாலும் தைத்துக் கொடுத்தார். ஊரே தைத்துக் கொடுத்தது. இரண்டே வருஷத்தில் பெரிய யூனிட்டுகளில் பாதி அந்தக் கம்பெனிக்கு நாற்காலிப் பனியன் தைத்தன. எங்கள் தையல் லைனுக்குள் நுழைந்தால் மெஷின் எண்ணெயும் கறை எடுக்கிற திரவமும் சேர்ந்து ஒரு நெடி அடிக்கும். அலமாரிப் பலகையின் பசை நெடிக்கு அதனோடு ஏதோ ஒன்றுவிட்ட உறவு. அதனால்தான் இவ்வளவும் ஞாபகம் வருகிறது.

கம்பெனி வளர வளர அதன் மனசாட்சியும் வளர்ந்தது. ஆளுக்கொரு குடிநீர்க் குவளை இருக்கிறதா, முதலுதவிப் பெட்டிச் சாவி யாரிடம் என்றெல்லாம் கேட்டார்கள். ஒருமுறை வெளிநாட்டிலிருந்து ஒரு பெண் தணிக்கைக்கு வந்தாள். முப்பது வயது இருக்கும். கூடவே சென்னையிலிருந்து மொழிபெயர்ப்பாளர் ஒருவர். வயதுச் சான்றிதழ்களைக் கேட்டாள். இங்கேதான் என் கெட்டிக்காரத்தனம் வேலை செய்தது.

எல்லா யூனிட்டிலும் கோப்பைப் பெயர் வரிசையில் வைப்பார்கள். நான் பிறந்த தேதி வரிசையில் வைத்திருந்தேன். வயது பார்க்க வருகிறவர்களுக்கு வயது வரிசையில் கொடுப்பதுதானே முறை? முதல் நாள் முழுக்க உட்கார்ந்து அடுக்கினேன். பிறந்த மாதமும் நாளும் ஒன்றானால் ஒரே நிறமாக வண்ணச் சீட்டு கூட ஒட்டினேன்.

அவள் புரட்டினாள். நின்றாள். திரும்பப் புரட்டினாள். ஜூன் ஒன்று, ஜூன் ஒன்று, ஜூன் ஒன்று. வருஷம் வேறு, நாள் ஒன்றே. பதினோரு பேர். அதில் நான்கு பேருக்குச் சான்றிதழ் ஒரே பள்ளிக்கூடம், ஒரே கையெழுத்து.

நண்பரே, உமக்கும் எனக்கும் இதில் அதிசயமே இல்லை. பள்ளிக்கூடம் திறப்பது ஜூனில். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால், கையைத் தலைக்கு மேலே வளைத்து எதிர்க்காதைத் தொடச் சொல்வார் வாத்தியார். தொட்டால் ஐந்து வயது முடிந்தது. பிறந்த தேதி யாருக்குத் தெரியும்? ஜூன் ஒன்று என்று போட்டுவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவார். கொங்கு நாட்டில் ஒரு தலைமுறையே அந்த ஒரு நாளில்தான் பிறந்தது. இதை நான் அவளுக்குப் பொறுமையாக விளக்கினேன். ஆதாரமாக என் சான்றிதழையே எடுத்து நீட்டினேன். நானும் ஜூன் ஒன்று.

அவள் தலையாட்டிக்கொண்டே ஏதோ எழுதினாள். மொழிபெயர்ப்பாளர் என் காதருகே வந்து, "சார், இப்ப பன்னெண்டுன்னு எழுதிட்டாங்க" என்றார்.

அறிக்கை வந்தது: ஒரே இடத்தில் தயாரித்த போலி ஆவணங்கள், சம்பந்தப்பட்டவர்களை நீக்கும்வரை ஆர்டர் இல்லை. முதலாளி அறிக்கையை மேஜை மேல் போட்டார்.

"ஏனுங்க, ஊரு உலகத்தாட்டப் பேரு வரிசைல வெச்சிருக்கப்படாதுங்களா? படிச்சவங்களக் கொண்டாந்து உள்ள உட்டா இதுதானுங்க வெனை."

பன்னிரண்டாவது ஆளான என்னை நீக்கவில்லை. நீக்கினால் நீக்கல் படிவத்தை யார் நிரப்புவது? மற்ற பதினோரு பேரையும் நீக்கல் பதிவேட்டில் ஏற்றினேன். 'காரணம்' என்ற கட்டத்தில் பதினோரு முறை 'போலி ஆவணம்' என்று எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். அந்தப் பட்டியல் கம்பெனி வழியாக மற்ற யூனிட்டுகளுக்கும் போயிற்று.

பத்துப் பேர் தணிக்கை எட்டிப் பார்க்காத சின்னப் பட்டறைகளில் ஒண்டிக்கொண்டார்கள். பதினோராவது துளசிமணி. குன்னத்தூரிலிருந்து எங்கள் யூனிட் வேனில் வருகிறவள், ஓவர்லாக் மெஷினில் அவள் கைக்கு ஈடு கிடையாது. மூன்று பெரிய யூனிட்டில் ஏறி இறங்கினாள். மூன்றிலும் பட்டியல் இருந்தது. பிறகு அனுப்பர்பாளையத்தில் பாத்திரத்துக்கு மெருகு போடப் போனாள். ஆனால் என்னை விடவில்லை.

"வேலை கெடந்துட்டுப் போகுதுங்க சார். ஊருக்குள்ள கள்ளச் சர்ட்டிபிகேட் குடுத்து மாட்டிக்கிட்டவன்னு பேசறாங்க. என்ற நாத்தனா மூஞ்சிக்கு நேராவே கேக்கறா. வாத்தியாரு போட்ட தேதிக்கு நான் என்னங்க பண்ணுவேன்? நான் பொறந்ததே போலிங்களா?"

"முறையீடு பண்ணலாம்மா. பிரிவு ஒன்பது, உட்பிரிவு நாலு."

"அது என்ன எழவோ, அந்த நோட்டுல போட்ட வார்த்தையக் கோடு போட்டு அடிச்சுக் குடுங்க. அது போதும்."

அவள் பெயரில் முறையீடு எழுதி, பதில் முகவரியாக என் வீட்டைப் போட்டு, ஒப்புகை அட்டையோடு கம்பெனியின் வாங்கும் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. முப்பது நாள் ஓடியது. நினைவூட்டு ஒன்று. நினைவூட்டு இரண்டு. வாங்கும் அலுவலகத்தைக் கம்பெனி மூடி வேறு நகரத்துக்கு மாற்றியது, அங்கே ஒன்று. கடை திறந்தார்கள், அங்கே ஒன்று. கடைக்காரர்கள் மட்டும் உடனே பதில் போட்டார்கள்: எங்கள் பொருளில் ஆர்வம் காட்டியதற்கு நன்றி, விலைப்பட்டியல் இணைத்துள்ளோம்.

வளர்ந்த கம்பெனிக்காரர்கள் அண்டை நாட்டில் விலை படிந்ததும் நாற்காலிப் பனியனை அங்கே கொண்டுபோனார்கள். நாலைந்து வருஷத்தில் முதலாளி யூனிட்டை மூடினார். மூடும்போது ஆவணங்களை என்ன செய்வது என்று கேட்டார். பாதுகாக்க வேண்டிய காலம் முடிந்தவற்றை அழிக்கலாம் என்பது விதி. நான் பட்டியல் போட்டு, வரிசை எண் கொடுத்து, கையெழுத்திட்டு, பழைய பேப்பர்காரர் வண்டியில் ஏற்றினேன். நீக்கல் பதிவேடு அதில் வரிசை எண் பதினேழு. ஒரு வாரம் கழித்து ஓய்வு பெற்றேன். இன்று அந்தக் கட்டிடம் கூரியர் கிடங்கு. லைன் ஓடிய இடத்தில் அட்டைப்பெட்டிகள் ஆள் உயரத்துக்கு நிற்கின்றன.

போன வருஷம் பதில் வந்தது, பதினான்கு வருஷம் கழித்து. குன்னத்தூருக்குச் சொல்லி அனுப்பினேன். துளசிமணி பஸ் பிடித்து வந்தாள். பாதி தலை நரைத்திருந்தது. வந்தவள் உட்காரவில்லை.

"படிங்க சார்."

படித்தேன். உங்கள் பகுதியில் பள்ளிப் பதிவில் ஒரே தேதி இடுவது வழக்கம் என்பது ஆய்வில் தெரிய வந்துள்ளது. உங்கள் ஆவணம் உண்மையானது என ஏற்கப்படுகிறது. உங்கள் பொறுமைக்கு நன்றி. இந்தப் பதில் உங்களுக்கு எவ்வளவு திருப்தி அளித்தது, ஒன்று முதல் ஐந்துக்குள் குறிப்பிடவும்.

"அந்த நடுவுல வந்துதுல்லீங்க, அதைய இன்னொருக்கா."

"உங்கள் ஆவணம் உண்மையானது என ஏற்கப்படுகிறது."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சரி, அந்த நோட்ட எடுங்க சார். என்ற கண்ணு முன்னால அடிங்க."

முப்பத்தைந்து வருஷம் விதி சொல்லிப் பிழைத்தவன் நான். ஒரு பதிவை அது இருக்கிற பதிவேட்டில்தான் திருத்த முடியும் என்பதும் விதி.

"நோட்டு இல்லைம்மா."

"எங்கீங்க போச்சு?"

"பேப்பர்காரருக்குப் போட்டுட்டோம்."

"ஆரு போட்டது?"

பேனாவைத் திறந்தேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு எழுதத் தெரிந்தது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அவளுக்கு வந்த கடிதத்தின் வலது மேல் மூலையில், ஆபீஸில் வருகிற தபாலுக்கெல்லாம் போடுவதுபோல, நல்ல கையெழுத்தில் எழுதினேன்: பெறப்பட்டது, ஆகஸ்ட் பத்தொன்பது, செவ்வாய்க்கிழமை.