எட்டின் பிறந்த வீடு

ஆம்பூர் பைபாஸ் பக்கத்து ஷூ கம்பெனியில் அன்பரசனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. எல்லோருக்கும் அவர் 'புலவர்'. எந்த மொழிச் சொல்லைக் கொடுத்தாலும் தமிழிலிருந்து போனதுதான் என்று நிரூபித்துவிட்டுத்தான் டீ குடிப்பார். பதினெட்டு வருஷமாக அவரோடு ஒரே மேஜையில் வேலை பார்ப்பவர் இஷ்தியாக் அகமது. அவரை எல்லோரும் 'பாய்' என்பார்கள். ஷூ ஜோடிகளை பாய் உருதுவில் சத்தமாக எண்ணுவார், புலவர் சீட்டில் குறிப்பார்.

ஆயுத பூஜை அன்று மைக் கையில் கிடைத்ததும் புலவருக்குத் தலைகால் புரியவில்லை. "இங்கிலீஷ் எய்ட் நம்ம எட்டுதான். பாய் எட்டுக்கு உருதுல சொல்ற 'ஆட்' கூட நம்ம எட்டு தேஞ்சு போனதுதான். எண்றதுக்குக்கூட இரவல் வாங்கியிருக்காரு!" கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பாயோடு வந்திருந்த காலேஜ் படிக்கும் மகள் தூபா மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். பாயும் சிரிக்கத்தான் செய்தார். ஆனால் மறுநாளிலிருந்து தமிழில் எண்ணினார், வாய்க்குள்ளேயே.

ஒரு மாசம் கழித்து அவர் "எண்பது" என்று முணுமுணுத்தபோது புலவருக்குப் பொறி தட்டியது. எட்டுபது இல்லையே. எண்ணூறு, எண்திசை... நூலகத்துக்குப் போய் அகராதிகளைப் புரட்டினார். எட்டு பிறந்தது 'எண்' என்ற வேரில். எய்ட், ஆட், சமஸ்கிருத அஷ்ட மூன்றும் வேறு வீட்டுப் பிள்ளைகள். எட்டோடு முகச்சாயல் உண்டு, உறவில்லை. தப்பாகச் சொன்னதுகூடப் பெரிதில்லை, பெற்ற மகள் முன்னால் ஒரு மனுஷனை இரவல்காரன் ஆக்கிவிட்டோமே என்று வெட்கம் புலவரைப் பிடுங்கித் தின்றது.

மறுநாள் வண்டி நிறுத்துமிடத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து பாயிடம் விஷயத்தைச் சொன்னார்.

"தூபா அன்னைக்கே சொல்லுச்சுப்பா," என்றார் பாய்.

"அப்ப ஏன் பாய் நீங்க வாயே தொறக்கல?"

"அத்தன பேர் முன்னாடி உன்ன எப்டி விட்டுக்குடுப்பேன்?"

புலவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஊரைக் கூட்டி அவமானப்படுத்திவிட்டு, மன்னிப்பை மட்டும் ஒளிந்து கேட்க வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்த நாள் காலை, எல்லோரும் வேலையில் இருக்கும்போது, ஜோடிகளைத் தன் பக்கம் இழுத்து அவரே சத்தமாக எண்ணத் தொடங்கினார். "ஏக், தோ, தீன்..." சுற்றிலும் சிரிப்பு கிளம்பியது. "ஆட்" வந்ததும் நிறுத்தினார்.

"அன்னைக்கு மைக்ல நான் சொன்னது தப்பு. இது பாய் வீட்டுச் சொத்து, இரவல் இல்ல. நான்தான் தெரியாம ஒளறி அவர அசிங்கப்படுத்திட்டேன்."

யாரும் கைதட்டவில்லை. யாரோ இருமினார்கள். புலவர் கையிலிருந்த ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒன்பதாவது ஜோடியை பாய் எடுத்து வைத்தார்.

"நௌ," என்றார், சத்தமாக.